போரில் கால் இழந்தவருக்கு வெளிநாட்டிலிருந்து செயற்கைக்கால் வாங்கி அனுப்பலாமா?

மட்டக்களப்பு கொக்கட்டிச்சோலையில் இருக்கும் உங்கள் மச்சான் போரில் கால் இழந்த முன்னாள் போராளி, அவருக்கு விலை கூடிய செயற்கைக்கால் ஒன்று வாங்கி அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்ப வேண்டாம். அந்தக் காசுக்கு அவரிடம் வேறு தேவை இருக்கிறது.

எனக்கும் இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. விடுதலைப் புலிகளின் கிழக்குப் படையணியான ஜெயந்தன் படையணியில் இருந்தவன். 1997 மே மாதம் இராணுவத்தின் ஜெயசிக்குறு நடவடிக்கை வன்னியில் தொடங்கியபின் கிழக்கிலிருந்து வன்னிக்குப் போனவர்களில் நானும் ஒருவன். அடுத்த வருடம் மாங்குளம் பக்கத்துக் காட்டில் மிதிவெடி. 2004 ஏப்ரலில், கிழக்கில் இயக்கம் பிளந்து எங்களை வீட்டுக்குப் போகச் சொன்னபோது ஊன்றுகோலோடு ஊருக்கு வந்தேன். அப்புறம் கால் போடுவதற்காக ஒரு பட்டறைக்குப் போனவன், அங்கேயே வேலை பழகிவிட்டேன். இன்றுவரை அதுதான் என் தொழில்.

செயற்கைக்காலில் முக்கியமானது பாதம் இல்லை, சொக்கெட். மிஞ்சிய கால் உள்ளே இறங்கும் கிண்ணம் அது. பல்செட்டு மாதிரி, ஒருவருக்கு அச்செடுத்துச் செய்ததை இன்னொருவர் போட முடியாது. முழங்காலுக்குக் கீழே கால் போனவருக்கு, உடம்பின் பாரம் வெட்டிய நுனியில் விழாமல் முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாரில் தாங்கவேண்டும். இரண்டு மில்லிமீட்டர் பிசகினாலும் தோல் உரியும். அதோடு கால் சும்மா இருக்காது. காலையில் இறுக்கமாக இருப்பது பின்னேரம் தளரும், அதற்கு மிஞ்சிய காலில் மாட்டும் பருத்தி உறை ஒன்று கூடுதலாகப் போடவேண்டும். மெலிந்தாலும் கொழுத்தாலும் சொக்கெட் மாற்றவேண்டும். சும்மா பார்த்தாலும் சில வருடங்களுக்கு ஒருமுறை புதிதாகச் செய்யத்தான் வேண்டும்.

பாதத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. வெளிநாட்டுப் பாதங்கள் பல சப்பாத்துக் குதியின் உயரத்துக்குச் செய்தவை. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றினால் ஆள் பின்னுக்குச் சரிவார். இந்தியாவில் செய்த ஜெய்ப்பூர் பாதம் வெறுங்காலில் நடக்கவும், குந்தியிருக்கவும், வயல் சேற்றில் இறங்கவும் என்றே வந்தது. வாவிக்கு மேற்கே வயல் செய்யும் படுவான்கரை ஆட்களுக்கு அதுதான் சரி.

சில வருடங்களுக்கு முன் வவுணதீவுப் பக்கமிருந்து ஒரு அண்ணன் வந்தார். சொக்கெட் வெடித்து, சைக்கிள் ரியூபைக் கிழித்துச் சுற்றியிருந்தார். காலைக் கழற்றுங்கள் என்றால் கழற்றவில்லை. "முதல்ல உங்கட காலைக் கழட்டிக் காட்டுங்க தம்பி" என்றார். கழற்றி வாங்கில் வைத்தேன். என் காலின் தழும்பைக் கொஞ்ச நேரம் தொட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் தன்னுடையதை அவிழ்த்தார். உள்ளே உள்ளங்கை அகலத்துக்குப் புண், ஆறு மாதமாம். வீட்டில் மனைவிக்கும் சொல்லவில்லை. பெயர், விபரம் எழுதிக் கொடுத்தால் பிறகு யாராவது விசாரிக்க வருவார்கள் என்ற பயத்தில் வராமல் இருந்திருக்கிறார். அவரைப் போல இன்னும் எத்தனையோ பேர் வீட்டுக்குள் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கவலை. அன்றைக்கு அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் ஏறாவூரில் அரசாங்கத்தின் ஊர்காவற்படையில் இருந்த ஒரு முஸ்லிம் காக்கா. அவருக்கும் மிதிவெடிதான். இரண்டு பேரும் நல்ல உறை எந்தக் கடையில் கிடைக்கும் என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

முந்தி மண்முனைத்துறையில் பாதையில், அதாவது வாவியைக் கடக்கும் மிதவையில், ஏறி வரவேண்டும். ஆடுகிற பாதையில் ஒற்றைக் காலோடு நிற்பது பெரும்பாடு. 2014இல் பாலம் வந்தது பெரிய உதவி. ஆனாலும் அச்செடுக்க, போட்டுப் பார்க்க, நடை திருத்த என்று நான்கைந்து தடவை வந்து போகவேண்டும். கூலி வேலைக்காரருக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் சம்பளம் போகிறது. அதனால்தான் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே பஸ் காசும் அந்த நாட்களின் கூலியும் அனுப்புங்கள். ஐந்தாறு பருத்தி உறை அனுப்புங்கள். இன்றைக்கு மச்சானுக்குப் போன் எடுத்து, காலைக் கழற்றிப் பத்து நிமிடத்துக்குப் பிறகும் சிவப்பு மாறாத இடம் ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், பட்டறைக்கு வரும்வரை அந்தக் காலைப் போடவேண்டாம் என்று சொல்லுங்கள்.