பூட்ட வேண்டிய பக்கம்

அன்புள்ள ஐயா,

அரூர் சுற்றுவட்டார ஊர்களின் வேடியப்பன் வழிபாடு பற்றி ஆறு வருடம் அலைந்து ஆய்வேடு முடித்திருக்கிறேன். அடுத்த மாதம் வாய்மொழித் தேர்வு. மென்நகலையும் கொடுத்தாக வேண்டும், அது ஷோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஏறிவிடும் என்கிறார்கள். "ஏறினால் எவனாவது அப்படியே எடுத்து டாக்டர் ஆகிவிடுவான், முடிந்தவரை தள்ளிப்போடு" என்று உடன் படித்தவர்கள் பயமுறுத்துகிறார்கள். புத்தகமாகக் கொண்டுவரும் ஆசையும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

செ., அரூர்

அன்புள்ள செ.,

வாழ்த்துகள். என் பள்ளி வகுப்பில் மூன்று வேடியப்பன்கள் இருந்தார்கள், வாத்தியார் இனிஷியல் சேர்த்துத்தான் கூப்பிடுவார். என்றோ மாடு மீட்கப் போய் மாண்டவனின் நடுகல் சாமியாகிப் பொங்கல் வாங்குவதும், அந்தச் சாமி பெயர் வருகைப் பதிவேட்டில் ஏறுவதும் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆட்களுக்கு ஆச்சரியமே இல்லை. அதை ஒருவர் ஆறு வருடம் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தோஷம்.

தள்ளிப்போடுவது உங்கள் கையில் இல்லை. பட்டம் அறிவித்த 30 நாளுக்குள் மென்நகல் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதி போட்டது. 2016இல் அதை இறுக்கி, பட்டம் அறிவிக்கும் முன்பே ஷோத்கங்காவை நடத்தும், காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். புத்தகத்துக்காகக் கொஞ்ச காலம் நிறுத்திவைக்க வழி உண்டா என்று நெறியாளரிடம் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றாலும் கவலை வேண்டாம். இணையத்தில் ஏறியதால் பதிப்புரிமை கைவிட்டுப் போய்விடாது. அப்புறம், 'ஆய்வின் நோக்கம், ஆய்வின் எல்லை' என்று தொடங்கும் ஒன்றை யாரும் காசு கொடுத்து வாங்கப் போவதில்லை. புத்தகத்துக்கு எப்படியும் திரும்ப எழுதத்தான் வேண்டும்.

இனி திருட்டு. இருபது வருடத்துக்கு முன்பு ஒரு பல்கலைக்கழக நூலகத்தில், நம் மாவட்டக் கூத்து பற்றிய ஆய்வேடு ஒன்றைப் படிக்கப் போனேன். பரிந்துரைக் கடிதம் கேட்டார்கள், கொடுத்தேன். ஜெராக்ஸ் கிடையாது, பென்சிலால் எழுதிக்கொள்ளலாம் என்றார்கள். இரண்டு நாள் எழுதினேன். சில மாதம் கழித்து வேறொரு ஊர் நூலகத்தில் வேறொருவர் பெயரில் ஓர் ஆய்வேட்டைப் புரட்டினால், அதே மூன்றாம் இயல். பாலக்கோடு பக்கத்து ஊர் ஒன்றின் பெயரை முதலாமவர் தவறாகத் தட்டச்சு செய்திருந்தார். அந்தப் பிழையும் மாறாமல் வந்திருந்தது! இரண்டையும் பார்த்த ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இரண்டு பீரோவுக்கும் பூட்டு இருந்ததால்தான் அந்த இயல் அவ்வளவு சுலபமாக ஊர் மாறியது.

இன்றைக்கு ஒப்புமை பார்க்க மென்பொருள் இருக்கிறது. 2018 விதிப்படி 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் மன்னிப்பு, 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆனால் அந்த மென்பொருள் எதோடு ஒப்பிடும்? தன் கண்ணுக்குத் தெரிவதோடுதான். தமிழ் ஆய்வேடுகளில் சிக்கலே இங்கேதான் இருக்கிறது. பல ஆய்வேடுகள் தாளை ஸ்கேன் செய்த வெறும் படங்கள். இன்னும் பல வானவில் மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்தவை, பிரதி எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து விழும். மென்பொருளும் படிக்காது, தேடினாலும் கிடைக்காது. எந்தக் கணினியிலும் எழுத்தாகவே தெரியும் யூனிகோடைத் தமிழக அரசு ஏற்றது 2010இல். டிடிபி சென்டர்கள் பலவற்றுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. யூனிகோடில் அடித்து, எழுத்தாகவே பிடிஎஃப் எடுத்துக் கொடுங்கள். தலைப்பைத் தமிழிலும் பதிந்தார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். ரோமன் எழுத்தில் மட்டும் போட்டால் ஒருவர் 'தர்மபுரி' என்பார், இன்னொருவர் 'தருமபுரி' என்பார், மூன்றாமவர் தேடி அலுத்துப்போவார்.

உண்மையில் நான் பயப்படுவது வேறொரு பக்கத்துக்காக. பின்னிணைப்பில் தகவலாளர் பட்டியல் வைத்திருப்பீர்கள். பெயர், வயது, சாதி, தொழில், ஊர், சில சமயம் செல்போன் எண் வரை. பீரோவில் இருந்தபோது அதைப் புறத்தேர்வாளர்கூடப் பார்த்திருக்க மாட்டார். இணையத்தில் ஏறினால் யாரும் பார்க்கலாம். வேடியப்பன் கோயில் என்றால் பங்காளித் தகராறு இருக்கும், முதல் மரியாதைச் சண்டை இருக்கும், 'அவர்களை உள்ளே விடுவதில்லை' என்று ஒரு பெரியவர் வெள்ளந்தியாகச் சொன்னதும் இருக்கும். திண்ணையில் உட்கார்ந்து தன் மகள் வயதுப் பெண்ணிடம் பேசியது அது. நாளைக்கு அவர் பேரனே செல்போனில் அதைப் படிப்பான். தகராறில் எதிர்த் தரப்புக்காரன் வழக்குக்கு அச்செடுத்துக்கொண்டு போவான்.

அதனால் பூட்டுவதாக இருந்தால் அந்தப் பக்கத்தைப் பூட்டுங்கள். எண்களை எடுத்துவிடுங்கள், தகராறு வரும் இடங்களில் பெயருக்குப் பதில் குறியீடு போடுங்கள். முழுப் பட்டியலைத் தனியாகக் கட்டித் தேர்வாளர்களுக்கு மட்டும் கொடுக்க முடியுமா என்று நெறியாளரிடம் கேளுங்கள். பாட்டுச் சொன்னவர்கள் தங்கள் பெயர் வர வேண்டும் என்று விரும்பினால் தாராளமாகப் போடுங்கள், அது அவர்கள் சொத்து. யாருக்கு எது வேண்டும் என்பதைப் போய்க் கேட்டால்தான் தெரியும். ஒரு மாதம் இருக்கிறதே, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நடை போய்வரலாம்.

ஏறியதும் இணைப்பை அனுப்புங்கள். இந்த முறை பென்சில் வேண்டாம்.

அன்புடன்.