குடியால் உடைந்த வீடு: கேள்வி பதில்

பல வருடமாகத் தினமும் குடித்த என் கணவர், நேற்று பிள்ளைகள்மேல் சத்தியம் செய்து நிறுத்திவிட்டார். இன்று கை நடுங்குகிறது, தூக்கமே இல்லை. பொறுத்துக்கொண்டால் சரியாகிவிடுமா?

வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். இன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். இப்படித் திடீரென நிறுத்துபவர்களில் சிலருக்கு முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலர், இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவார்கள், இல்லாத ஆளோடு பேசுவார்கள். கூடவே காய்ச்சலும் குழப்பமும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. மருத்துவமனையில் நடுக்கத்துக்கு மருந்தும் தயமின் என்ற வைட்டமின் பி1-ம் கொடுத்து, பத்திரமாக இந்த நாட்களைக் கடக்க வைப்பார்கள். அவர் மனசு வைத்துவிட்டார், அது பெரிய விஷயம். உடம்பைக் காப்பாற்ற மருத்துவம் வேண்டும்.

அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மாத்திரை கலக்கலாமா?

கூடவே கூடாது. குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும், உயிர்கூடப் போகலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிட வேண்டிய மருந்து அது. குடிக்கும் ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன் போன்ற வேறு மருந்துகளும் இருக்கின்றன.

மூன்று மாதம் குடிக்காமல் இருந்த அண்ணன் மறுபடி குடித்துவிட்டான். அம்மா கைகழுவிவிட்டார்.

இது திரும்பத் திரும்பத் தலைதூக்கும் நோய். மீண்டு வந்தவர்களில் பலர் நடுவில் சறுக்கியவர்கள்தான். குடித்த பிறகு அண்ணன் என்ன செய்தான் என்று பாருங்கள். தானே வந்து சொன்னானா, சிகிச்சைக்குத் திரும்பினானா? அப்படியென்றால் அந்த மூன்று மாதம் வீணாகவில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஆனால் அவன் கடனை நீங்கள் அடைப்பது, வேலையிடத்தில் 'காய்ச்சல்' என்று பொய் சொல்வது, இதையெல்லாம் இன்றோடு நிறுத்துங்கள்.

அப்பா ஒரு வருடமாகக் குடிப்பதில்லை. எல்லாரும் மன்னித்துவிடு என்கிறார்கள். எனக்கு அவரோடு பேச்சே வரவில்லை.

கதவு திறக்கும் சத்தத்தை வைத்தே இன்றைக்கு வீட்டில் சண்டையா, தூக்கமா என்று கணக்குப் போட்டு வளர்ந்த பிள்ளை நீங்கள். அப்பாவின் உடம்பிலிருந்து குடி போய்விட்டது, உங்கள் உடம்பில் அந்தப் பயம் இன்னும் இருக்கிறது, அம்மா. அதற்கு ஒரு வருடம் ரொம்பக் குறைவு. 1935-ல் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பில், குடியிலிருந்து மீள்வதற்கான பன்னிரண்டு படிகளில், தான் காயப்படுத்தியவர்களுக்கு ஈடு செய்வது ஒன்பதாவது படி. அது அப்பா செய்ய வேண்டிய வேலை. அவசரப்பட்டு மன்னிப்பது உங்கள் வேலை என்று யாரும் சொல்லக்கூடாது. சொன்ன நேரத்துக்கு வருகிறாரா, உங்கள் கோபத்தைக் குறுக்கே பேசாமல் கேட்கிறாரா? அதைக் கவனியுங்கள். குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் குழுக்கள் இருக்கின்றன. அப்பா வராவிட்டாலும் நீங்கள் போகலாம்.

குடித்தால் அடிக்கிறார். விட்டுப் போனால் இன்னும் குடிப்பாரே?

அவர் குடிக்கு நீங்கள் காரணம் இல்லை. முதலில் பிள்ளைகளோடு பத்திரமான இடத்துக்குப் போங்கள். சிகிச்சைக்குப் போவேன் என்று அவர் சொன்னால், முதலில் சிகிச்சையில் சேரட்டும். நீங்கள் திரும்புவதைப் பற்றி அப்புறம் பேசலாம்.