கொடிக்கம்பில் சிக்கிய பந்து ஹோல் இன் ஒன்னா?

கோல்ஃப்ல நீங்க அடிச்ச முதல் அடி பனைமரத்துல பட்டுத் திரும்பி, குழியில நட்ட கொடிக்கம்புல சிக்கிச்சு, நண்பர் கம்பைப் பிடுங்கினதும் பந்து வெளியே துள்ளிடுச்சு, இது ஹோல் இன் ஒன்னா (ஒரே அடியில பந்தைக் குழியில போடுறது) சேருமான்னு கேட்டிருக்கீங்க. கணக்குல வரும், ஒரே நிபந்தனை: நண்பர் கம்பைப் பிடுங்குறதுக்கு முன்னாடியே பந்தோட ஏதாவது ஒரு பகுதி குழிவாய் மட்டத்துக்குக் கீழ இறங்கியிருக்கணும். முழுப் பந்தும் உள்ளே போகணும்னு இல்லை (விதி 13.2). அப்படி இறங்கியிருந்தா, பிடுங்கும்போது வெளியே துள்ளினது பொருட்டே இல்லை. முதல்ல பனைமரத்துல பட்டுத் திரும்பினதும் குறையில்லை. மரமோ குறுக்கே வந்த ஆடோ, தற்செயலாப் பட்டா அடி அடிதான்.

சிக்கினதுக்குக் காரணம் பெரும்பாலும் கம்புதான். குழியோட விட்டம் 108 மி.மீ., பந்து ஏறக்குறைய 43. நடுவுல 19 மி.மீ. கம்பு நேரா நின்னா பக்கத்துக்கு 44க்கு மேல இடமிருக்கும், பந்து தானா இறங்கிடும். காட்பாடிப் பக்கம் பாலாத்தங்கரைத் தோப்புல நீங்க நட்டது மூங்கில்னு எழுதியிருக்கீங்க. அது தடிமனா இருந்தாலோ காத்துல சாஞ்சிருந்தாலோ பந்து இடையில மாட்டிக்கும்.

கம்பை அதே மாதிரி சாய்ச்சு, பந்தை வெச்சுப் பாருங்க. பந்தோட அடிப்பகுதி குழிவாய் மட்டத்துக்குக் கீழ இருக்கான்னு குனிஞ்சு பாருங்க. கீழ இருந்தா இறங்கியிருக்கு, புல்மேலேயே நின்னா இல்லை.

இறங்கலைன்னா, கம்பை எடுத்ததும் உள்ளேயே விழுந்திருந்தாலும் செல்லாது. விளிம்புல திருப்பி வெச்சு ரெண்டாவது அடி அடிக்கணும், அபராதம் கிடையாது. குழியையும் அளந்துடுங்க, 108ஐத் தாண்டினா விதிப்படியான குழியே இல்லை. கூட ஆடினவங்க பார்த்ததை இன்னிக்கே எழுதி வாங்கிக்கோங்க, இப்படி ஒரு அடி மறுபடி அமையறது கஷ்டம்.