அம்மாவுக்கு இம்யூனோதெரபி: அல்ட்ராசவுண்ட் நானோ சிகிச்சைக்காகக் காத்திருக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. வெற்றிலை புகையிலைப் பழக்கம் இருந்தது. வாயில் வந்த புற்றுநோய், ஆபரேஷன் செய்து கரண்ட் வைத்த பிறகும் திரும்பி வந்துவிட்டது. இம்யூனோதெரபி ஊசி போடலாம் என்கிறார் டாக்டர், செலவை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. நானோ துகளை உடம்பில் ஏற்றி அல்ட்ராசவுண்ட் காட்டினால் அந்த ஊசி இன்னும் நன்றாக வேலை செய்யும் என்று அண்ணன் ஒரு வீடியோ காட்டினான். தெருவுக்குத் தெரு ஸ்கேன் சென்டர் இருக்கிறதே, இங்கேயே செய்துகொள்ள முடியாதா? அதுவரை ஊசியைத் தள்ளிப்போடலாமா? (வாசகி, பெரம்பூர்)

பதில்: தள்ளிப்போடாதீர்கள். மீதியை அப்புறம் படித்தாலும் பரவாயில்லை, இதை இன்றே அண்ணனிடம் சொல்லிவிடுங்கள்.

வீடியோவில் வந்தது பொய்யில்லை, ஆராய்ச்சி உண்மையாகவே நடக்கிறது. நம் ரத்தத்தில் இருக்கும் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு செல்களுக்குப் புற்றுநோய் செல்லைக் கொல்லத் தெரியும், ஆனால் அவற்றின் மேல் பிடி-1 என்று ஒரு பிரேக் இருக்கிறது, கட்டி அதை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. டாக்டர் சொன்ன ஊசி பெரும்பாலும் அந்தப் பிரேக்கை விடுவிக்கிற மருந்துதான். இந்த வழியைக் கண்டதற்காகத்தான் ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோன்ஜோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. சிக்கல் என்னவென்றால், பல கட்டிகளுக்குள் டி செல்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. வராத வண்டிக்குப் பிரேக்கை விடுவித்து என்ன பயன்?

இங்கேதான் நானோ துகள் வருகிறது. சுவர் பெயின்ட்டுக்கு வெள்ளை நிறம் தருகிற டைட்டானியம் டை ஆக்சைடு தெரியுமில்லையா, அதையே மில்லிமீட்டரில் சில பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பொடியாக்கி, கட்டியில் சேரும்படி செலுத்திப் பார்க்கிறார்கள் (வேறு பொருள்களும் உண்டு). சும்மா இருக்கும்போது அது அடங்கிக் கிடக்கும். வெளியிலிருந்து அல்ட்ராசவுண்ட் பட்டதும், அக்கம்பக்கத்து ஆக்சிஜனைக் கடும் வினை புரியும் வடிவத்துக்கு மாற்றிவிடும், அது பட்ட செல் சாகும். சாகிற விதம்தான் முக்கியம்: உள்ளே இருக்க வேண்டிய கால்ரெட்டிகுலின் என்ற புரதம் செல்லின் மேல் வந்து நிற்க, செல்லுக்கு ஆற்றல் தருகிற ஏடிபி என்ற மூலக்கூறு வெளியே கசிய, காவல் செல்கள் அதைப் பார்த்து ஓடிவந்து, துண்டு துணுக்குகளை நெறிக்கட்டிக்குக் கொண்டுபோய் டி செல்களுக்கு அடையாளம் காட்டுகின்றன. அதன் பிறகு பிரேக்கை விடுவிக்கும் ஊசியைப் போட்டால், ஒலி படாத இன்னொரு கட்டியும் சேர்ந்து சுருங்குவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். முதல் தடவை படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஆனால் எலியில். அல்ட்ராசவுண்டும் மருந்தும் சேர்ந்தால் கட்டி செல்கள் சாகும் என்று ஜப்பானில் யுமிதாவும் உமெமுராவும் காட்டியது 1989இலேயே; இத்தனை வருடம் கழித்தும் மனிதர்களில் நடப்பவை மூளைக்கட்டி போன்ற சிலவற்றுக்கான ஆரம்பகட்டச் சோதனைகள்தான், அதிலும் பெரும்பாலும் வாய்வழி குடிக்கிற மருந்து, நானோ துகள் இல்லை. காரணம் இருக்கிறது. ஊசியில் ஏற்றும் துகளில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்ளும். வேலை நடக்க ஆக்சிஜன் வேண்டும், கட்டிக்குள் அதற்குத்தான் பஞ்சம். அல்ட்ராசவுண்ட் சதைக்குள் சில சென்டிமீட்டர் போகும், எலும்பும் காற்றும் குறுக்கே வந்தால் தடுமாறும். ஸ்கேனுக்கு முன் வயிற்றில் சில்லென்று ஜெல் தடவுகிறார்களே, தோலுக்கும் கருவிக்கும் நடுவில் காற்று நிற்கக்கூடாது என்பதற்காகத்தான்.

ஸ்கேன் சென்டரில் இது நடக்காது. அங்கே அனுப்புவது எதிரொலி கேட்பதற்கான குட்டிக் குட்டித் துடிப்புகள். முழங்கால் வலிக்கு பிசியோதெரபியில் அல்ட்ராசவுண்ட் வைக்கிறார்களே, விநாடிக்கு 10 லட்சம் அதிர்வு, பல சோதனைகளில் பயன்படுத்துவதும் ஏறக்குறைய அதுதான். ஆனாலும் துகளும் அளவும் குறியும் இல்லாமல் அந்த ஒலி மட்டும் கட்டியை ஒன்றும் செய்யாது. 'நானோ அல்ட்ராசவுண்ட் பேக்கேஜ்' என்று யாராவது பணம் கேட்டால், சிடிஆர்ஐ (மருந்துச் சோதனைகளுக்கான அரசுப் பதிவேடு) பதிவு எண் என்ன என்று கேளுங்கள், இந்தியாவில் மருந்துச் சோதனை என்றால் அந்தப் பதிவு கட்டாயம். எண் இல்லையென்றால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, செலவு. மும்பை டாடா மெமோரியலில் முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோய் (வாய்ப் புற்றுநோயும் இதில் சேரும்) உள்ள 151 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு மாத்திரைகள் மட்டும், இன்னொரு பாதிக்கு அதே மாத்திரைகளோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப் (பிரேக்கை விடுவிக்கிற ஊசிகளில் ஒன்று), அதாவது வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஓராண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் பிரிவில் 16 சதவீதம், இரண்டாவதில் 43. உங்கள் அம்மாவுக்கு இது பொருந்துமா என்று டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள். 'லோ டோஸ் நிவோலுமாப்' என்று ஒரு சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள், ஓபி வரிசையில் உட்கார்ந்து எழுந்தபின் கேட்க நினைத்தது மறந்துபோகும்.

கேள்வி: அப்பாவுக்குக் கல்லீரலில் கட்டி. மாதாமாதம் ஸ்கேன் எடுத்தால் அந்த ஒலியே கட்டியைக் கிளறிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். (வாசகர், திருவொற்றியூர்)

பதில்: கிளறாது. எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சும் இதில் இல்லை. டாக்டர் சொன்ன தேதியில் எடுங்கள், பழைய ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள், கட்டியின் அளவை ஒப்பிட அதுதான் வேண்டும்.