பாரம் இல்லாத சனிக்கிழமைகள்

ஐயாவுக்கு ஸ்தோத்திரம்.

எங்கள் சபையில் எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். பார்வை போய்விட்டது. சனிக்கிழமைதோறும் சாயங்காலம் ஆறு மணிக்கு அயனாவரத்தில் அவர் வீட்டுக்கு வந்து வேதம் வாசிப்பதாக, புத்தாண்டு ஆராதனை முடிந்த கையோடு அவரிடம் சொன்னேன். ஐந்து மாதம் தவறாமல் போனேன். அப்புறம் பெருங்களத்தூருக்கு வீடு மாறினோம். ரயில், பஸ் என்று போய்வரவே மூன்று மணி நேரம். இரண்டு மாதமாகப் போகவில்லை. வேதத்தில் யோபு புத்தகம் பாதியில் நிற்கிறது. உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தப் பாரமே, கர்த்தர் உள்ளத்தில் வைக்கிற அந்த உந்துதலே, இப்போது இல்லை. மனம் இல்லாமல் போனால் மாய்மாலம் ஆகாதா? பேசாமல் ஒரு ஆடியோ பைபிள் வாங்கிக் கொடுத்துவிடலாமா?

ஜே., பெருங்களத்தூர்

அன்புள்ள ஜே.,

ஆடியோ பைபிள் வாங்கிக் கொடுங்கள். மற்ற ஆறு நாளைக்கு ஆகும்.

மாய்மாலக்காரர்கள் வீதிச் சந்திகளில் நின்று ஜெபித்தது மனுஷர் காணும்படியாக. அயனாவரத்துச் சந்தில் உங்களை யார் காண்கிறார்கள்? அவருக்கோ கண்ணே தெரியாது. மனம் இல்லாமல் போவதற்குப் பெயர் மாய்மாலம் இல்லை, அலுப்பு. அலுப்போடு ரயில் ஏறலாம், தப்பில்லை.

இந்தப் 'பாரம்' என்ற சொல்லை நம் சபைகளில் ரொம்பவே புழங்கவிட்டுவிட்டோம். பாரம் வந்தால் தொடங்குகிறோம், பாரம் போனால் நிறுத்துகிறோம், இரண்டுக்கும் கர்த்தரையே சாட்சி வைக்கிறோம். 15-ம் சங்கீதம் வேறு மாதிரிப் பேசுகிறது: 'ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்.' நஷ்டம் வரும் என்று தாவீதுக்குத் தெரிந்தே இருக்கிறது. உங்கள் கணக்கில் அது மூன்று மணி நேரம்.

பொறுமைக்கு நம் ஊரிலேயே ஆள் உண்டு. வேதத்தைத் தமிழில் மொழிபெயர்த்த ஜெர்மன் மிஷனரி பெப்ரிசியஸ் ஐயர் 1742-ல் சென்னைக்கு வந்தார். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு வேப்பேரியில் அச்சேறியபோது ஆண்டு 1772. பழைய ஏற்பாடு முழுதும் அச்சில் வந்ததைப் பார்க்காமலே 1791-ல் இறந்தார். இதைப் பிரசங்கத்தில் சொல்வார்கள். அவ்வளவாகச் சொல்லாத பாதி ஒன்று உண்டு: நம்பி ஒப்படைக்கப்பட்ட பணத்தைக் கடன் கொடுத்து இழந்து, முதுமையில் கடனுக்காகச் சிறைக்கும் போனார். வேத வசனத்தில் அத்தனை வருஷம் தளராத மனிதர், பணத்தில் சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியாமல் போனார். எனக்கென்னவோ இந்த இரண்டாவது பாதியால்தான் அவர் மேல் பிரியம் கூடுகிறது.

என் கதையும் அந்த வகைதான். கல்லூரி நாட்களில் என் அப்பாவின் நண்பர் ஒருவருக்கு ஞாயிறு மாலைகளில் செய்தித்தாள் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பரீட்சை வந்தது, நிறுத்திவிட்டேன். பரீட்சை முடிந்தும் போகவில்லை. வெட்கம்; நாள் ஆக ஆக அந்தப் படி இன்னும் உயரமாகிவிட்டது. அவர் இறந்த பிறகு பக்கத்து வீட்டம்மா சொன்னார்: 'ஞாயித்துக்கிழமைன்னா அஞ்சு மணிக்கே சட்டையை மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பாருப்பா. பிளாஸ்டிக் நாற்காலிய ஒனக்குன்னு இழுத்துப் போட்டு வெச்சிருப்பாரு.' அந்த வீட்டில் அவர் மற்ற நாட்களில் பனியனோடுதான் இருப்பார்.

வாரா வாரம் முடியாதென்றால் மாதம் இரண்டு என்று மாற்றிக்கொள்ளலாம். கொடுத்த வாக்கை மாற்றிப் பேசுவதும் நாணயம்தான், ஆனால் நேரில் போய்ச் சொல்லவேண்டும். வாட்ஸ்அப்பில் அவர் மகனுக்குச் செய்தி போட்டுவிட்டுத் தப்பிக்காதீர்கள். பெரியவர் கோபித்துக்கொண்டால் கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்கு அந்த உரிமை இருக்கிறது.

இந்தச் சனிக்கிழமை போனதும் நீண்ட விளக்கம் எதுவும் வேண்டாம். யோபுவில் எந்த அதிகாரத்தில் விட்டோம் என்று அவரையே கேளுங்கள். உங்களுக்கு மறந்திருக்கும், அவருக்கு மறந்திருக்காது.