கழுத்து எக்ஸ்ரேயை முதலில் எடுங்கள்

கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "ஒரு மாதமாக மாடி ஏற மறுக்கிறான், தூக்கச் சொல்கிறான், சோம்பேறியாகிவிட்டான்." அதைச் சோம்பல் என்று நினைக்காதீர்கள். ஐந்து வயது மகனுக்கு மார்க்கியோ நோய் (ஒரு நொதி குறைவதால் எலும்பு வளர்ச்சி கெடும் அரிய பரம்பரை நோய்) இருக்கலாம் என்று மருத்துவர் எழுதித் தந்த எக்ஸ்ரே சீட்டை, கதிர்வீச்சால் புற்றுநோய் வருமோ என்ற பயத்தில் வீட்டில் வைத்திருக்கிறீர்கள். அதை எடுத்துக்கொண்டு நாளைக் காலையே கிளம்புங்கள்.

இந்நோயில் இரண்டாவது கழுத்தெலும்பின் முளை சரியாக வளராது. எலும்புகளைக் கட்டிப்பிடிக்கும் நார்களும் தளர்ந்திருக்கும். முதல் எலும்பு நழுவினால் தண்டுவடம் நசுங்கும். நடந்த குழந்தை நடக்கத் தயங்குவது, அடிக்கடி விழுவது, கைப்பிடி நழுவுவது, நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்புவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் கழுத்து எக்ஸ்ரே நழுவலைக் காட்டும். தண்டுவடத்தின் நிலையை எம்.ஆர்.ஐ. காட்டும். எக்ஸ்ரேயின்போது பையன் தானாகவே குனியட்டும், யாரும் தலையைப் பிடித்து வளைக்கக் கூடாது. அதுவரை குட்டிக்கரணம் வேண்டாம். கழுத்தை நீவிவிடுவது வேண்டவே வேண்டாம்.

எம்.ஆர்.ஐ.க்கு மயக்கம் கொடுக்க நேரலாம். அப்போது மூச்சுவிட உதவும் குழாயைத் தொண்டைக்குள் போடும்போது கழுத்தைப் பின்னால் சாய்ப்பது வழக்கம். "மார்க்கியோ சந்தேகம், கழுத்து உறுதியில்லாமல் இருக்கலாம்" என்று மயக்க மருத்துவரிடம் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகியவர்கள் உள்ள பெரிய மருத்துவமனையிலேயே எடுங்கள்.

கதிர்வீச்சா? இயற்கையாகவே ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் நம் எல்லோர் மீதும் படுகிறது. குழந்தைக்கேற்ற அளவில் டிஜிட்டல் கருவியில் எடுக்கும் முழு எலும்பு எக்ஸ்ரே பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ் கதிரே கிடையாது. யோசித்து எடுக்க வேண்டியது கதிர்வீச்சு அதிகமுள்ள சி.டி. ஸ்கேன்தான், அதை உங்கள் மருத்துவர் கேட்கவே இல்லை.

மருந்துக் கடையில் வாங்கி வாராவாரம் கொடுக்கும் 60,000 யூனிட் வைட்டமின் டி-யை இன்றே நிறுத்துங்கள். முட்டி தட்டினாலே ரிக்கெட்ஸ் (வைட்டமின் டி குறைவால் எலும்பு வலுவிழக்கும் நோய்) என்று யார் சொன்னது? ரிக்கெட்ஸில் மணிக்கட்டு எலும்பின் வளரும் நுனி அகன்று, பிசிறு பிசிறாகத் தெரியும். மார்க்கியோவில் முதுகெலும்புகள் தட்டையாகி, முன்பக்கம் நடுவில் நாக்குப்போல் நீண்டிருக்கும். தேர்ந்தவர் படத்தைப் பார்த்தே பெரும்பாலும் பிரித்துவிடுவார். ரத்தத்தில் நொதி அளவைப் பார்த்து உறுதி செய்யலாம். அளவு மீறிய வைட்டமின் டி கால்சியத்தை ஏற்றிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கொடுக்கும் முன் யாரையாவது கேட்டிருக்க வேண்டாமா?

மார்பு முன்தள்ளியிருப்பதும் மணிக்கட்டுத் தளர்வும் இப்போது அவசரமில்லை. அறிவு வளர்ச்சியை இந்நோய் பாதிப்பதில்லை. அத்தை மகனை மணந்ததற்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ளாதீர்கள். சொந்தத்தில் இதன் வாய்ப்பு கூடும் என்றாலும், உறவில்லாத தம்பதியருக்கும் பிறக்கிறது. நோய் உறுதியானால் அடுத்த குழந்தைக்கு வாய்ப்பு நான்கில் ஒன்று. கருத்தரிக்கும் முன் மரபியல் மருத்துவரைப் பாருங்கள்.

முட்டியை நேராக்கும் அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கியிருக்கிறீர்களே, கழுத்தைப் பார்த்து முடிக்கும்வரை அதைத் தள்ளிவையுங்கள்.