அப்பாவுக்குப் போன வருடம் ஃப்ளூ ஊசி போட்டும் சளி பிடித்தது, மறுபடியும் 1,800 ரூபாய் செலவு செய்யணுமா?

போடுங்கள். 71 வயது, சர்க்கரை வேறு. போன வருட ஊசி இந்த மழைக்குத் தாங்காது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி இறங்கிவிடும், வைரஸும் மாறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு முறை ஊசியில் எந்த வைரஸ் வகைகள் இருக்க வேண்டும் என்று கலவையைத் திருத்திச் சொல்கிறது.

அப்பாவுக்கு வந்தது பெரும்பாலும் ஃப்ளூவாக இருக்காது. சாதாரண சளிக்கு வேறு வைரஸ்கள், அவற்றை இந்த ஊசி தடுக்காது. ஃப்ளூவே வந்தாலும் நிமோனியா வரை போகாமல் காப்பதுதான் இதன் பெரிய வேலை.

காட்பாடியில் என் அம்மா ஊசி போடாத வருடம் ஆறு நாள் வார்டில் கிடந்தார். தம்பி கடையைப் பூட்டிவிட்டுக் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தான். பில்லோடு அந்த ஆறு நாள் வியாபாரமும் போச்சு. இதயத்துக்கும் ஆபத்து உண்டு: ஃப்ளூ உறுதியான முதல் வாரத்தில் மாரடைப்பு ஆறு மடங்கு கூடியதை 2018இல் வெளியான கனடா ஆய்வு காட்டியது.

போடும் முன் பெட்டியை வாங்கிப் பாருங்கள். எந்தப் பருவத்துக்கான ஊசி, காலாவதி எப்போது என்று அச்சிட்டிருக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுக்கிறார்களா என்றும் கவனியுங்கள். பலன் தர இரண்டு வாரம் ஆகும், எனவே ஐப்பசி மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

முன்பு இந்த ஊசிக்குக் கடும் அலர்ஜி வந்திருந்தால் டாக்டரிடம் கேட்காமல் போடாதீர்கள். இப்போது நல்ல காய்ச்சல் இருந்தால் தணியட்டும். அப்புறம், நிமோனியா தரும் ஒரு பாக்டீரியாவுக்கு எதிரான நிமோகாக்கல் ஊசி வேறு, அதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.